தரைப் புள்ளிகளா, ஆர்டிகே டிரோனா?

டிரோன் படங்களை மென்பொருளில் இணைத்து நிலத்தின் முப்பரிமாண மாடல் செய்யும்போது எழும் கேள்வி இது. சாதாரண டிரோன் ஒவ்வொரு படத்திலும் பதியும் இருப்பிடம் சில மீட்டர் வரை பிசகும். உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். அதை மட்டும் நம்பிச் செய்த மாடல் பார்க்க அழகாக இருக்கும். ஏற்கெனவே அளந்த வரைபடத்தின் மேல் வைத்தால், சாலை வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கும்.

இதைத் திருத்தும் பழைய வழி தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது ஜிசிபி. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைத் தரையில் வைத்து, அதன் நடுவை ரோவராலோ (கையில் எடுத்துச் செல்லும் துல்லிய ஜிபிஎஸ் கருவி) டோட்டல் ஸ்டேஷனாலோ (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளக்கிறோம். அப்புறம் மென்பொருளில் படம் படமாக அந்த நடுவைத் தேடிக் குறிக்கிறோம். உச்சி வெயிலில் வெள்ளைக் கட்டம் வெளுத்துப் பரவி, நடு எது என்றே தெரியாமல் போகும். ஒரு பிக்சல் தரையில் 2 செ.மீ. என்றால், பலகை 20 செ.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

எண்ணிக்கையை விட முக்கியம், புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பது. பத்துப் புள்ளிகளைப் பாதையோரமாக ஒரே வரிசையில் வைப்பதை விட, நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து வைப்பது எவ்வளவோ மேல். நேர் கீழே பார்த்து எடுத்த படங்களில் லென்ஸின் வளைவுப் பிழை மிச்சமிருந்தால், தட்டையான தரை கிண்ணம் போலக் குழியும், இல்லையேல் நடுவில் உப்பும். அதை அடக்குவது நடுப்புள்ளிதான். சாய்த்து எடுத்த படங்கள் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஆர்டிகே டிரோன், தரையில் தெரிந்த இடத்தில் நிற்கும் பேஸ் ஸ்டேஷன் என்ற கருவி அனுப்பும் திருத்தத்தைப் பறக்கும்போதே வாங்கித் தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தைச் சரிசெய்துகொள்கிறது. அதனால் புள்ளி புள்ளியாக நடப்பது பெரிதும் மிச்சம். படம் எடுக்கும் கணத்தில் கேமரா இருந்த இடம் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைக்கிறது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், அதே திருத்தத்தைப் பறந்து முடித்தபின் கணக்கிடும் பிபிகே முறை கைகொடுக்கும். செங்குத்தான குவாரி, சதுப்பு, அடர்ந்த புதர் என்று கால் வைக்க முடியாத இடங்களில் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் கேமரா இருந்த இடம் சரியாகத் தெரிவதாலேயே தரையும் சரியாக வந்துவிடாது. கேமரா லென்ஸின் குவியத் தூரத்தை மென்பொருள் 0.1 சதவீதம் தவறாகக் கணித்தால், 100 மீட்டர் உயரப் பறப்பில் தரை முழுவதும் சுமார் 10 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். பேஸ் ஸ்டேஷனுக்குத் தவறான ஆயத்தொலைவு கொடுத்திருந்தால் மாடல் மொத்தமும் அப்படியே நகர்ந்துவிடும். உள்ளே எல்லா அளவும் ஒத்துப்போவதால், அறிக்கையில் ஒரு எச்சரிக்கைகூட வராது. முதல் பிழையைப் பெரும்பாலும் ஒரே ஒரு தரைப்புள்ளி சரிசெய்துவிடும். இரண்டாவதையும் அது காட்டிக்கொடுக்கும், அந்தப் புள்ளி அதே பேஸை நம்பி அளக்கப்படாமல் இருந்தால்.

சரி, எதை எடுப்பது? சின்ன, திறந்த நிலம், எப்போதோ ஒரு முறை வேலை என்றால் ஜிசிபி போதும். பெரிய பரப்பு, மாதாமாதம் பறக்க வேண்டும் என்றால் ஆர்டிகே, கூடவே ஒன்றிரண்டு ஜிசிபி. எதுவானாலும், கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த மூன்று நான்கு சரிபார்ப்புப் புள்ளிகள் இல்லாமல் நான் எந்த மாடலையும் ஒப்படைப்பதில்லை. கணக்கில் சேர்த்த புள்ளியில் பிழை குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் மாடலை வளைத்துப் பொருத்தியதே அந்தப் புள்ளிக்குத்தான்.