பொங்கலுக்குக் குருத்தோலையா, கடைத் தோரணமா?

தைப்பொங்கலுக்கு வீட்டு வாசலையும் முற்றத்தையும் குறைந்த செலவில் அலங்கரிக்க எண்ணுவோருக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு வழிகள் உள்ளன: வளவில் கிடைக்கும் குருத்தோலையும் மாவிலையும் ஒன்று, கடையில் விற்கும் பிளாஸ்ரிக் தோரணம் மற்றொன்று.

கடைத் தோரணத்தின் வசதி மறுக்கத்தக்கதன்று. ஒருமுறை வாங்கினால் சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் அதையே கட்டலாம். ஆனால் படலையில் கட்டிப் பல நாள் வெயிலில் விட்டிருந்த எங்கள் மஞ்சள் தோரணம், அடுத்த ஆண்டு பெட்டியிலிருந்து எடுத்தபோது வெளிறி, தொட்ட இடமெல்லாம் நொறுங்கியது.

குருத்தோலைக்கு, வளவில் தென்னை இருந்தால் பணமே வேண்டியதில்லை. ஆனால் மரம் ஏறுபவருக்குக் கூலி கொடுக்க நேர்ந்தால் அதை இலவசம் என்று சொல்லிவிட முடியாது. விரியாத குருத்தை வெட்டும்போது மரம் ஓர் ஓலையை இழப்பதால், அயலில் நான்கு வீட்டார் ஒரே குருத்தைப் பகிர்ந்துகொள்வது நல்லது. ஓலையைக் கிழித்து மடிக்கும்போது அதில் அமையும் குருவி வடிவங்களை எண்ண வேண்டும்: மங்கல நிகழ்வுக்கு நான்கு, அமங்கலத்துக்கு மூன்று. (இதில் தவறினால் அம்மம்மாவிடம் ஏச்சு உறுதி.) இரண்டாம் நாளே அது வாடத் தொடங்கும், ஆயினும் மறுநாள் பட்டிப்பொங்கல் முடியும்வரை தாக்குப்பிடித்தாற் போதுமே.

உலக்கையை வைத்து அரிசிமாவால் இழுக்கும் கோலத்துக்கும் நிறைகுடத்துக்கும் அருகில் எனக்குப் பொருத்தமாகத் தெரிவது ஓலைதான். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர், கடைத் தோரணத்தை வாங்கி நிழலான விறாந்தையில் கட்டலாம்.