எத்தனை மடங்கு? எத்தனை பேருக்கு?

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது. செய்தி பொய்யில்லை. ஆனால் பழைய மாத்திரையில் சுமார் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது, அவ்வளவுதான். பயந்துபோன பலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடுகிறார்கள். கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

ஆய்வு முடிவை மக்களிடம் சொல்ல 'எத்தனை மடங்கு', 'எத்தனை பேருக்கு' என்ற இரண்டு வழிகளும் எப்போதும் போட்டி போடுகின்றன. என் ஓட்டு இரண்டாவதற்கே.

2015-இல் தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பிரிட்டன் கணக்கில் அதைச் சொன்னால், வாழ்நாளில் 100 பேரில் 6 பேருக்கு வருவது 7 பேருக்கு வரும். புகையிலை இருக்கும் அதே பட்டியலில் இறைச்சியையும் சேர்த்ததால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியல் காட்டுவது ஆதாரத்தின் வலுவை மட்டுமே.

மடங்குக் கணக்குக்கும் இடம் உண்டு. அடிப்படை அபாயம் ஊருக்கு ஊர் மாறும்போது ஆய்வாளர்களுக்கு அது வேண்டும். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 15 முதல் 30 மடங்கு என்பதை அப்படியே சொல்வதுதான் சரி. மருந்தின் நன்மையைச் சதவீதத்திலும் தீமையை ஆள் கணக்கிலும் சொல்வதைத்தான் மன்னிக்கவே முடியாது.

நன்மை, தீமை இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துக் காட்டியது, 2021 ஏப்ரலில் அபாயங்களை மக்களுக்கு விளக்கும் கேம்பிரிட்ஜின் வின்டன் மையம் அஸ்ட்ராஜெனகாவின் கொரோனா தடுப்பூசிக்காகத் தயாரித்த படம். தொற்று குறைவாகப் பரவும் நிலையில், 20 முதல் 29 வயதினர் ஒரு லட்சம் பேரில் தீவிர சிகிச்சையிலிருந்து தப்புவோர் 0.8, தடுப்பூசியால் கடும் பாதிப்புக்கு ஆளாவோர் 1.1. அறுபதுகளில் இருப்போருக்கு இதே கணக்கு 14.1, 0.2. தொற்று கூடினால் கணக்கு எப்படி மாறும் என்பதற்கும் தனிப் படங்கள் வைத்தார்கள். முப்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு வேறு தடுப்பூசி தரலாம் என்று படம் வெளியான அன்றே பிரிட்டனில் அறிவிப்பு வந்தது. ஏன் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.