ரஃபேலா, கிரிப்பன் ஈ-யா?

ரஃபேல் பிரான்சின் போர் விமானம், கிரிப்பன் சுவீடனுடையது. பிரேசில் 2013-இல் இந்த இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துதான் கிரிப்பனைத் தேர்ந்தெடுத்தது. செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

செலவு: ரஃபேலுக்கு இரண்டு என்ஜின், எரிபொருளும் பராமரிப்பும் அதற்கேற்ப. கிரிப்பனுக்கு ஒன்றே போதும்.

வான் சண்டை: தொலைவிலிருந்து அடிக்க இரண்டுமே மீட்டியோர் ஏவுகணையைத்தான் சுமக்கின்றன. அதனால் இரண்டின் திறனுக்கும் உள்ள இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறைவு. கிரிப்பன் ஈ-யின் ரேடார் தட்டு சுழலக்கூடியது. ஏவுகணையை விட்டபின் விமானி பக்கவாட்டில் விலகிப் பறந்தாலும் எதிரி அவர் பார்வையிலேயே இருப்பான். எனக்கு இது பெரிய பலமாகவே தெரிகிறது.

சுமை: ரஃபேல் 9.5 டன் வரை வெளியே தூக்கும். இதில் கிரிப்பன் பின்தங்கிவிடும்.

தளம்: கிரிப்பன் நெடுஞ்சாலையிலேயே இறங்கி, சுமார் 10 நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பும். ரஃபேலின் கடற்படை வகையான ரஃபேல் எம் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்.

அப்புறம், கிரிப்பன் ஈ-யின் என்ஜின் அமெரிக்கத் தயாரிப்பு. விற்க அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். ரஃபேலின் என்ஜின் பிரான்சுடையதே.

சொந்த வானைக் காப்பதே வேலை, பணமும் அளவோடுதான் என்றால் கிரிப்பன். தொலைதூரத் தாக்குதலும் கடற்படையும் கணக்கில் இருந்தால், விலை கூடினாலும் ரஃபேல்தான்.