சீமெந்துத் தட்டா, இரும்புத் தட்டா, ரெசிஸ்டன்ஸ் பாண்டா? திருகோணமலையில வீட்டு ஜிம்முக்கு எது சரி

வீட்ட ஜிம் போடப்போற ஆக்கள் முதல்ல பாக்கிறது டம்பலுக்குக் கொழுவிற, சீமெந்து நிரப்பின பிளாஸ்டிக் தட்டு செட்டைத்தான், விலை குறைவு, புதுசா மினுக்கமா வேற இருக்கும். ஆனா கடலுக்குக் கிட்ட இருக்கிற எங்களுக்கு என்ர கணக்குல அது மூண்டாம் இடம்தான்.

சீமெந்து இரும்பில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு அடர்த்தி, அப்ப அதே 5 கிலோவுக்கு தட்டு சரியான தடிப்பா வரும், ஆனா டம்பல் கைபிடி நீளம் மாறாதே, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு தட்டு கொழுவினாலே இடம் முடிஞ்சுது, பேந்து பாரம் கூட்ட ஏலாது. டைல்ஸ் நிலத்தில ஒருக்கா விழுந்தா ஓரத்துப் பொருத்து வெடிச்சு சாம்பல் கலர் தூள் கொட்டும், டேப் சுத்திச் சுத்தியே அடிக்கிற ஆக்களும் இருக்கினம். தட்டு கறள் பிடிக்காது, அது உண்மை. கைபிடி இரும்புதானே, அது பிடிக்கும்.

வார்ப்பிரும்புத் தட்டுத்தான் என்ர தெரிவு, அதுவும் செகண்ட் ஹேண்ட். பழசான இரும்பும் அதே பாரம்தான், மேல பிடிச்ச கறளை கம்பி பிரஷ்ஷால உரஞ்சிப்போட்டு பெயின்ட் அடிச்சா சரி. கவனிக்க வேண்டியது கைபிடியும் நட்டும், எங்கட உப்புக்காத்து முதல்ல பிடிக்கிறது அந்த மரைக்குள்ளதான், கொஞ்ச நாள் விட்டா நட்டு பாதியில இறுகி நிண்டிடும், உள்ளங்கையெல்லாம் செம்மண் கலர். பழைய பல்லுத்தூரிகையில மெசின் எண்ணெய் தொட்டு மரைக்குள்ள தேய்ச்சு விடுங்கோ, மாரியில இன்னும் அடிக்கடி.

வாங்கேக்க தட்டின்ர ஓட்டையையும் அளக்கோணும். வீட்டு செட்டுக்கு 25 மில்லிமீட்டர் அளவில வரும், பெரிய பார்பெல்லுக்குப் போடுற ஒலிம்பிக் தட்டுக்கு 50. மலிவெண்டு ரெண்டையும் கலந்து வாங்கினா ஒண்டு சும்மா கிடக்கும். '20 கிலோ செட்' எண்டா பெரும்பாலும் ரெண்டு கைக்கும் சேத்துத்தான், கைக்கு 10, அதுக்குள்ள கைபிடிப் பாரமும் அடங்கியிருக்கலாம். அதால முழு விலையைப் பாக்காதேங்கோ, கிலோ எவ்வளவு எண்டு பிரிச்சுப் பாருங்கோ, கொழும்பில இருந்து எடுப்பிச்சா கூரியர் காசையும் சேத்து.

ரெசிஸ்டன்ஸ் பாண்ட், அதுதான் இழுத்துப் பயிற்சி செய்யிற லேடெக்ஸ் ரப்பர் பட்டி, இந்தக் கூரியர் கணக்கில வெல்லும், பாரமே இல்ல, ஓர்ஸ்ஹில்லில வாடகை அறையில இருக்கிற பொடியனுக்கு அது காணும். ஆனா இழுக்க இழுக்கத்தான் இறுக்கம் கூடும், தொடக்கத்தில லேசு முடிவில கஷ்டம், போன கிழமையை விட எவ்வளவு கூடத் தூக்கினனான் எண்டு கணக்கு வைக்கவும் கஷ்டம். லேடெக்ஸுக்கு வெயில் ஆகாது, கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பல்கனிக் கம்பியில தொங்கவிட்டா நுண்ணிய வெடிப்பு விழும், வெடிச்ச பாண்டை முகத்துக்கு நேர இழுக்கிற வேலை வேண்டாம்.

கெட்டில்பெல், கைபிடியோட வாற இரும்புக் குண்டு, ஒரே வார்ப்பு, மரை இல்ல, எங்கட காத்துக்கு நல்ல சாமான்தான். ஆனா 12 கிலோவில இருந்து 16 க்குப் போறது மூண்டில ஒரு பங்கு கூட, ஒவ்வொரு படிக்கும் புதுசா ஒண்டு வாங்கோணும். பார்பெல்லும் அதை வைக்கிற ராக்கும்? ஒலிம்பிக் பார் மட்டுமே 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம், தனி அறை இருக்கிற ஆக்கள் யோசிக்கட்டும்.

கையில காசு அளவாத்தான் இருக்கெண்டா இரும்புத் தட்டில 20, 30 கிலோவும் நடுத்தர இறுக்கத்தில ஒரு பாண்டும் எடுங்கோ. காலுக்கு ஒத்தைக்கால் ஸ்குவாட், நெஞ்சுக்கு நிலத்தில படுத்து பிரெஸ், முதுகுக்குக் குனிஞ்சு நிண்டு பாரத்தை இழுக்கிற ரோ, எல்லாம் அதிலயே நடக்கும். செட்டோட 1.25 கிலோ தட்டு நாலு வருதோ எண்டு கட்டாயம் கேளுங்கோ, ரெண்டு டம்பலுக்கும் பக்கத்துக்கு ஒண்டா போட்டா கைக்கு 2.5 கிலோதான் கூடும், அது இல்லாட்டி அடுத்த பாய்ச்சல் 5 கிலோ, தோள்மூட்டு தாங்காது.