இரண்டு ஆன்டெனாவுக்கு எம்.ஆர்.சி. அவசியமா?

ஒரே சிக்னல் சுவர், கட்டடம், லாரி என்று பட்டுத் தெறித்துப் பல வழிகளில் ரிசீவருக்கு வருகிறது. அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடத்தில் சிக்னல் அமுங்கிவிடும். இதுதான் ஃபேடிங். நேர்வழி சிக்னல் இல்லாமல் தெறித்தவை மட்டுமே வரும் ரேலே ஃபேடிங்கில், சராசரியைவிட 20 டிபி (டெசிபல்; அதாவது நூறில் ஒரு பங்குக்கு) கீழே போகும் வாய்ப்பு ஏறக்குறைய 1%. அரை அலைநீளம் தள்ளி (2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 செ.மீ.) இன்னொரு ஆன்டெனா வைத்தால், இரண்டும் சேர்ந்து அந்த அளவுக்கு அமுங்க 0.01% வாய்ப்புதான். ஒரே சிக்னலைப் பல வழிகளில் பிடிக்கும் டைவர்சிட்டியின் சூட்சுமம் அவ்வளவே.

வந்த இரண்டு சிக்னல்களை என்ன செய்வது என்பதில்தான் போட்டி. செலக்‌ஷன் முறை வலுவானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஈக்வல் கெயின் முறை இரண்டின் ஃபேஸையும் (அலையின் ஏற்ற இறக்க நிலையை) சரிசெய்து அப்படியே கூட்டும். எம்.ஆர்.சி. (மேக்சிமல் ரேஷியோ கம்பைனிங்) வலுவுக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டும். சராசரி ஆதாயம் முறையே 1.8, 2.5, 3 டிபி. பாடப்புத்தகங்கள் இந்த வரிசையைச் சொல்லி எம்.ஆர்.சி.க்கு மகுடம் சூட்டிவிடும். ஆனால் லிங்க் அறுந்துபோகும் கணக்கைப் பாருங்கள்: செலக்‌ஷனே 1 சதவீதத்தை 0.01 சதவீதம் ஆக்கிவிட்டது, எம்.ஆர்.சி. அதை 0.005 சதவீதம் ஆக்குகிறது. இந்தப் பாதிக்காக ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் முழு ரிசீவர் சுற்று வேண்டும், சேனலை (சிக்னல் வரும் வழியின் நிலையை) அளந்துகொண்டே இருக்கவும் வேண்டும். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கு இது வீண் செலவு. ஒரே ரிசீவர், ஒரு ஸ்விட்ச், சிக்னல் குறைந்தால் அடுத்த ஆன்டெனாவுக்குத் தாவுவது போதும்.

நான்கு ஆன்டெனா என்றால் கதை வேறு. செலக்‌ஷன் 3.2 டிபியில் திணறும், எம்.ஆர்.சி. 6 டிபி தரும். மொபைல் டவரில் இது பெரிய விஷயம். (பக்கத்து செல்லின் குறுக்கீடு வலுவாக இருந்தால் எம்.ஆர்.சி.யின் மகுடமும் ஆடும். இரைச்சல் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் தனித்தனியாக இருக்கும்போதுதான் அது சிறந்தது.) டவர் உச்சியில் அரை அலைநீள இடைவெளியும் போதாது. சிக்னல்கள் குறுகிய கோணத்தில் வருவதால் பத்து அலைநீளம்வரை தள்ளி வைக்க வேண்டியிருக்கும், 900 மெகாஹெர்ட்ஸில் அது 3 மீட்டரைத் தாண்டும். அதனால்தான் ஒரே பெட்டிக்குள் எதிரெதிராக 45 டிகிரி சாய்த்த இரு போலரைசேஷன்கள் (அலை அதிரும் திசைகள்).

போனில் ஒரே ஆன்டெனா, டவரில் இரண்டு என்றால்? 1998-இல் பொறியாளர் அலமூட்டி சொன்ன வழி: இரு சிம்பல்களை (தரவைச் சுமக்கும் துண்டுகளை) இரு ஆன்டெனாக்களில் அனுப்பி, அடுத்த நேரத்துண்டில் இடம் மாற்றி, கான்ஜுகேட் (கலப்பெண்ணில் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றியது) எடுத்து, ஒன்றின் குறியைத் திருப்பி அனுப்பு. அனுப்புபவருக்குச் சேனல் தெரிய வேண்டியதில்லை. ஃபேடிங்கைத் தாங்குவதில் இரண்டு ஆன்டெனா எம்.ஆர்.சி.க்குச் சமம், ஆனால் பவரைப் பங்கிடுவதால் 3 டிபி நஷ்டம். இரண்டுக்கு மேல் போனால் இதே எளிமையோடு முழு வேகம் கிடைக்காது.

ஆன்டெனாவே கூட்டாமல் இன்டர்லீவிங் செய்து, ஒரே அமுக்கத்தில் அடுத்தடுத்த பிட்டுகள் மொத்தமாகப் போகாதபடி அவற்றை நேரத்தில் சிதறடிப்பதுதான் மலிவு. ஆனால் தாமதம் கூடும். ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் சேனலும் மாறாது, சிதறடித்தும் பலனில்லை. 2ஜி மொபைல் முறையான ஜிஎஸ்எம்மில் நொடிக்கு 217 முறை அலைவரிசை தாவும் வசதி அப்படி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதிகம் உதவியது.