ஐந்து நாள் தாமதமும் அம்மாவின் காலண்டர் தாளும்

2023 ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளோடு திருச்சிக்குப் போயிருந்தோம். லண்டனில் வளர்ந்ததுகள், கத்திரி வெயில் தாங்குமா? வந்த அன்றைக்கே இரண்டு ரூம் ஏசியும் ஓட ஆரம்பித்தது, கிளம்பும்வரை ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை.

அம்மா தனியாக இருக்கும்போது ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் ஓடினாலே அதிகம். தினமும் கோலம் போட்டு முடித்ததும் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார். அதில் எண்கள் மாறி மாறி வரும், யூனிட் காட்டும் எண் வரும்வரை பொறுமையாக நின்று, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பார். "ஐந்நூறைத் தாண்டாம பாத்துக்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கரண்ட் பில்தானே, நான் கட்டிவிடுகிறேன் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

ஐந்நூறில் என்ன இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அப்போது நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் ஏற்றி, அப்போது நடப்பில் இருந்த கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டோடு நின்றால் பில் 1,725. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 சலுகை பறிபோய், அந்த நூறுக்கும் 4.50 போடுவார்கள். அதாவது தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய் போக, தாண்டியதற்கே தனியாக 225 ரூபாய் தண்டம்.

முந்தைய ரீடிங் மார்ச் 14. அப்படியானால் மே 14 வாக்கில் ஆள் வரவேண்டும். அன்றைக்கு அம்மாவின் தாளில் 438 யூனிட். வந்திருந்தால் 1,353 ரூபாயோடு முடிந்திருக்கும். வரவில்லை, மறுநாளும் வரவில்லை. 19ஆம் தேதி மத்தியானம் வந்தார், அட்டையில் எழுதிக் கொடுத்தார்: 524 யூனிட், 2,142 ரூபாய்.

அடுத்த பில்லில் நாள் குறையுமே, சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. இந்தக் கணக்கில் 6 ரூபாய்க்கும் 8 ரூபாய்க்கும் ஏறிய யூனிட், அடுத்த கணக்கில் 2.25க்கோ 4.50க்கோதான் குறையும். போன சலுகையும் திரும்பாது.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கரண்ட் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆளு பத்தலை சார், ஒருத்தரே ரெண்டு ஏரியா பாக்கறார். தொகையை கம்ப்யூட்டர் போடுது, நாங்க மாத்த முடியாது." அம்மாவின் காலண்டர் தாளை நீட்டினேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 789 ரூபாய் எனக்குப் பெரிய பணமில்லைதான், ஆனால் பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவர்கள் அந்தத் தெருவில் எத்தனை பேர்! அவர்கள் வீட்டு பில்லை, ஓடிய மின்சாரத்தோடு சேர்த்து ஒருவர் எந்த நாளில் வருகிறார் என்பதும் முடிவு செய்கிறது. மாதாமாதம் கணக்கெடுப்போம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. நான் போனபோதும் வாக்குறுதியாகவே இருந்தது.

லண்டன் ஒன்றும் சொர்க்கமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் அங்கே தினப்படிக் கட்டணம் உண்டு. போன குளிர்காலத்தில் கரண்ட் கம்பெனியில் என் கணக்கில் பணம் மிச்சம் இருக்கும்போதே மாதத் தவணையை ஏற்றிவிட்டார்கள், போனில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுத்தான் குறைக்க முடிந்தது. ஆனால் அங்கே மீட்டர் எண்ணை நானே அனுப்பலாம், அனுப்பிய எண்ணுக்குத்தான் பில். அம்மா மே 14 காலையில் எழுதிய எண்ணும் அதே மாதிரி எண்தானே? அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசியில் பில்லைக் கட்டவும் என்னால் முடியவில்லை, என் லண்டன் கார்டை கரண்ட் பில் கட்டும் செயலி ஏற்கவில்லை. சித்தி பையன் போனில் கட்டினான், நான் கையில் பணம் கொடுத்தேன். அம்மா அட்டையைக் கம்பியில் குத்திவைத்துவிட்டு, "அடுத்த தடவை மார்கழில வாங்கப்பா, ஃபேன்கூட வேண்டாம்" என்றார்.