வீட்டு நீச்சல்குளத்துக்கு (ஸ்விம்மிங் பூலுக்கு) இன்வெர்ட்டர் பம்ப், அதாவது ஸ்பீடக் கூட்டிக் கொறைக்கற பம்ப் போட்டு ஒரு வருசம் ஆச்சு, எப்படி இருக்குன்னு கேக்கறவங்களுக்கு

பம்புக்கே பேர் போன கோயமுத்தூர்ல குடியிருந்துக்கிட்டு ஒரு பம்ப் வாங்க ஆறு மாசம் யோசிச்ச ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேனுங்க. வெல அப்படி, பழைய ஒன்றரை எச்பி சாதா பம்ப் வாங்கின காசப் போல மூணு மடங்கு சொன்னாங்க. பிராண்ட் பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போறது ஸ்பீட் மாத்தற மாதிரி இருக்கற எந்தப் பூல் பம்புக்கும் பொருந்தும்.

நம்ம பூல் சின்னது, 24க்கு 12 அடி, ஆழம் சராசரியா நாலரை அடி, 36,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணி நிக்கும். பழைய பம்ப் 1,400 வாட் இழுக்கும், தினம் எட்டு மணி நேரம் ஓடும், ரெண்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டா பூலுக்கு மட்டும் 670 யூனிட். வீட்ல ரெண்டு ஏசி வேற ஓடுதா, 1000 யூனிட்ட தாண்டிருச்சுன்னா அதுக்கு மேல யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல போட்டுத் தாளிச்சுடறாங்க. அதுல சுட்டுக்கிட்டுதான் வாங்கினது.

மாட்ட வந்த பையன் 80 பர்சன்ட் ஸ்பீட், எட்டு மணி நேரம்னு செட் பண்ணிட்டு, "இதுக்குக் கீழ வெச்சீங்கன்னா தண்ணி கலங்கிரும் சார்"னு சொல்லிட்டுப் போய்ட்டாப்ல. டிஸ்பிளேல 750 வாட்னு காட்டுச்சு, பாதி கொறஞ்சுதேன்னு நானும் சந்தோசமா ஒரு மாசம் அப்படியே விட்டுட்டேன். பெறவு ஒரு ஞாயித்துக்கெழம சும்மா உக்காந்து அஞ்சு அஞ்சு பர்சன்டா கொறச்சுப் பாத்தப்பத்தான் விசயமே புரிஞ்சுது. 50க்கு வந்தப்ப வெறும் 230 வாட்! ஸ்பீட் பாதியானா தண்ணி பாதியாத்தான் கொறையுது, கரண்ட் மட்டும் எட்டுல ஒரு பங்கு பக்கம் போயிருது. ஃபுல் ஸ்பீட்ல மணிக்கு 15,000 லிட்டர்னா பாதி ஸ்பீட்ல 7,500, அப்ப பூல் தண்ணி மொத்தமும் ஒரு தடவ ஃபில்டர்ல போய்ட்டு வர அஞ்சு மணி நேரம். நேரத்த இழுத்து விட்டாலும் நமக்கு லாபம்தான்.

எங்க மாமா மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு, அவரு நம்பவே இல்ல. "மெதுவா ஓட்டினா ஃபேனும் மெதுவாத்தான சுத்தும், காயில் வெந்துரும் மாப்ள"ன்னாரு. சாதா மோட்டார எடுத்து ஸ்பீட் மாத்தற டிரைவ்ல போட்டா அவரு சொல்றதுல ஞாயம் இருக்குங்க. இது காந்தம் வெச்ச மோட்டாரு, மெதுவா ஓடறதுக்குன்னே பண்ணினது, கை வெச்சுப் பாத்தா வெதுவெதுன்னுகூட இல்ல. மாமாவும் கை வெச்சுப் பாத்துட்டுப் பேசாம காபி குடிச்சாரு.

அதுக்காக ஆசப்பட்டு 30க்கு எறக்கிராதீங்க, நான் எறக்கிக் கெட்டேன். உப்புத் தண்ணிலருந்து குளோரின் உண்டாக்கற உப்பு செல்லுக்குள்ள தண்ணி போற வேகம் பத்தாம, செல்ல நிறுத்தற ஃப்ளோ ஸ்விட்ச் விழுந்துருச்சு, செகப்பு லைட்டு எரிஞ்சுது, அத நான் பாக்கவேயில்ல, ஆக மூணு நாளா குளோரினே உண்டாகல. நாலாம் நாள் படிக்கட்டு மூலைல கால வெச்சா வழுக்குது, கிட்டப் போய்ப் பாத்தா பச்சையா ஒரு படலம். தேச்சுக் கழுவி குளோரின அள்ளிக் கொட்டி ரெண்டு நாள் ஃபுல் ஸ்பீட்ல ஓட்டினேன், மிச்சம் புடிச்ச காசெல்லாம் அதுலயே போச்சு. செல்லோட செகப்பு லைட்டு அணையற ஸ்பீட் எதுன்னு பாத்து அதுக்கு மேல ஒரு அஞ்சு பர்சன்ட் வெச்சுக்கங்க, நம்மளுக்கு அது 50ல நின்னுது.

இன்னொன்னு ஸ்கிம்மர், தண்ணி மேல மெதக்கற குப்பைய உள்ள இழுக்கற வாய். 50ல அந்தக் கதவு சும்மா பேருக்கு ஆடுது, வேப்பிலை வாய் வரைக்கும் வந்து ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிப் போயிருது. ஆனி ஆடில பாலக்காட்டுக் காத்து அடிக்கறப்ப கேக்கவே வேண்டாம். அதனால காலைல 7லருந்து 9 வரைக்கும் 75ல ஓட விடறேன், ராத்திரி விழுந்த குப்பையெல்லாம் இழுத்துக்கும். 9லருந்து சாயங்காலம் 6 வரைக்கும் 50. ராத்திரில ஓட்டறதில்ல, குளோரின வெயில்தான் தின்னுது, அது தின்னத் தின்னப் போட்டுக்கிட்டே இருக்கணும்னா செல் பகல்லதான ஓடணும். சனிக்கெழம வேக்யூம் போடறப்ப 85, ஃபில்டர் மணல்ல தண்ணியத் திருப்பி விட்டுக் கழுவற பேக்வாஷுக்கு மட்டும் 100, மெதுவா விட்டா மணலு கெளம்பாது, அழுக்கு உள்ளயே தங்கிரும்.

ப்ரெஷர் கேஜ் பாக்கறவங்களுக்கு ஒன்னு, 50ல முள்ளு கிட்டத்தட்ட சைபர்லயே கெடக்கும், ஃபில்டர் அடச்சிருக்கான்னு தெரியாது. நான் காலைல 75ல ஓடறப்ப மட்டும் பாத்துக் குறிச்சுக்கறேன்.

இப்ப ஒரு நாளைக்கு 3.3 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 200. பில்லுல 4,500 ரூபா பக்கம் கொறஞ்சிருக்கு. சத்தமும் இல்ல, முன்னாடி பக்கத்து வீட்டு அக்கா மாவு மில்லு ஓடுதான்னு கேப்பாங்க, இப்ப தண்ணி விழற சத்தம்தான் கேக்குது.

கொறைன்னா, கரண்ட் கட்டாகி வந்தா டிஸ்பிளே மணி 12:00க்குப் போயிருது, டைமர் எல்லாம் கோணலாப் போகுது. ஒருக்கா நடுராத்திரி 75ல ஓடிட்டு இருந்துச்சு. சர்வீஸுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன், ஆளே வரல, கடைசில நானே யூபிஎஸ் லைன இழுத்து டைமருக்குக் கொடுத்தேன். அதுக்கு ஒரு ஸ்டாரக் கொறச்சு நாலு. முக்கா எச்பி பம்ப வெச்சு தெனம் மூணு மணி நேரம் மட்டும் ஓட்டற சின்னத் தொட்டிக்காரங்க வாங்க வேண்டாங்க, போட்ட காசு திரும்பறதுக்குள்ள பம்பே பழசாயிரும்.